உள்ளங்கையில் எழுதியது

கிறிஸ்துமஸ் காலை ஆராதனையில் போதகர் பேச எழுந்ததும், மாமனார் வலது கையை விரித்து மருமகளின் பக்கம் நீட்டினார்.

எழுது என்று அர்த்தம்.

அவருக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது. எதைச் சொல்வதானாலும் அவர் உள்ளங்கையில் ஒவ்வோர் எழுத்தாக விரலால் எழுத வேண்டும். வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. தன் குரல் தனக்கே கேட்காததால் ஊருக்கே கேட்கிற மாதிரிதான் பேசுவார்.

வாராவாரம் பிரசங்கத்தை எழுதிக் காட்டுவது மாமியார். இன்று அவருக்குக் காய்ச்சல். மகன் ஓட்டும் பேருந்துக்குப் பண்டிகை விடுமுறை கிடையாது. மிச்சம் இருந்தது, கல்யாணமாகி நாலைந்து மாதமே ஆன மருமகள்.

அவளுக்கு உள்ளுக்குள் எரிச்சல்தான். சிறுவயதிலிருந்தே கிறிஸ்துமஸ் என்றால் அவளுக்குப் புதுத்துணி, கேக், விருந்துக்கு வந்த சித்தப்பாக்கள் போடும் சண்டை. மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். பாத்திரம் கழுவும்போது மனசு வெறிச்சென்று கிடக்கும்.

இந்த வருஷம் காலையிலேயே அப்படித்தான் இருந்தது.

போதகர், அந்தக் காலத்தில் ரோமாபுரியை ஆண்ட ராயன் குடிக்கணக்கு எடுத்ததிலிருந்து ஆரம்பித்தார். அவள் 'ராயன்' என்று எழுதி முடிப்பதற்குள் அவர் மலை தாண்டி இடையர்களிடம் போய்விட்டார்.

தமிழில் இத்தனை சுழிகள் இருப்பது அன்றுதான் அவளுக்கு உறைத்தது.

'போதகர் பேசுகிறார்' என்று எழுதினாள்.

மாமனார் தலையாட்டினார். கையை எடுக்கவில்லை.

'இன்னும் பேசுகிறார்' என்று எழுதினாள்.

அதற்கும் பொறுமையாகத் தலையாட்டினார். கை விரிந்தே இருந்தது.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். இந்தக் கதை தெரியாதவரா அவர்? ஆனாலும், பிரசவ அறைக்கு வெளியே நிற்கிறவரின் முகம் மாதிரி இருந்தது அது.

அவளுக்கு வெட்கமாகிவிட்டது. போதகரை விட்டுவிட்டு, இந்த நாளில் அப்படி என்னதான் செய்தி என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அதை அவள் கேட்டுக்கொண்டதே இல்லை.

பிறகு அழுத்தி, நிறுத்தி, நிதானமாக எழுதினாள்.

'இயேசு பிறந்திருக்கிறார். உங்களுக்காக.'

கடைசி எழுத்து முடியுமுன் அவர் விரல்கள் அவள் விரலை மூடிக்கொண்டன. காத்திருந்தது கிடைத்துவிட்டால் அப்படித்தான் செய்வார்.

சிரித்தார். வாய்விட்டு, தோள் குலுங்கச் சிரித்தார். போதகர் பேச்சை நிறுத்திவிட்டார். வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின.

"உனக்கும்தானேம்மா?" என்று கூரை அதிரக் கேட்டார் மாமனார்.

அவளுக்குக் காதெல்லாம் சூடேறியது. அந்தக் கை மறுபடியும் விரிந்து காத்திருந்தது. ஒப்புக்கு ஏதாவது எழுதிவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

ஆனால் அந்தக் கையில் ஒப்புக்கு எழுத வரவில்லை.

சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, விரலை அங்கேயே வைத்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு 'எனக்கும்' என்று எழுதினாள். எழுதி முடித்தபோது அது உண்மையாகத்தான் இருந்தது.

ஆராதனை முடிந்ததும் போதகர் வாசலில் அவளைப் பிடித்துக்கொண்டு, தன் பிரசங்கத்தில் எந்த இடம் பெரியவரை அப்படிச் சிரிக்க வைத்தது என்று ஆசையாகக் கேட்டார். அவள் சிரித்து மழுப்பினாள்.

மதியம் பாத்திரம் கழுவினாள். வழக்கமான வெறுமை வரட்டும் என்று காத்திருந்தாள். கடைசித் தட்டையும் கழுவிக் கவிழ்த்தாள். அது வரவில்லை.

போர்வையைப் போர்த்தியபடி மாமியார் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தார். அவள் நடந்ததைச் சொன்னாள். எழுதியதைச் சொன்னாள், சிரிப்பையும் சொன்னாள்.

"இவ்வளவு சந்தோஷம் மாமாவுக்கு எங்கேயிருந்து அத்தை வருது?"

மாமியார் மெல்லச் சொன்னார்.

ஆலையில் பாய்லர் வெடித்தது ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். மறுநாள் காலை, ஆஸ்பத்திரிக் கட்டிலில் மாமனாருக்கு நினைவு திரும்பியது. விளக்கைப் போடுங்கள், ஏன் யாருமே பேசமாட்டேன் என்கிறீர்கள் என்று கத்தியிருக்கிறார். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. எல்லோரும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அதை அவருக்கு யார் சொல்வது? எப்படிச் சொல்வது?

உடம்பெல்லாம் கட்டு. வலது கை மட்டும் வெளியே இருந்தது. மாமியார் அதைப் பிடித்து விரித்து, என்ன எழுதுவதென்று தெரியாமல், அன்றைக்கு என்ன நாளோ அதை எழுதினார். அந்தக் கையில் முதன்முதலாக எழுதப்பட்டது அதுதான்.

மருமகள் எழுதிய அதே செய்தி.

"ரொம்ப நேரம் அசையவே இல்லை. புரியலைன்னு நினைச்சேன். அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டே அழுதேன், கண்ணீர் அதுலயே சொட்டிடுச்சு. உடனே, வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கேட்டார், 'அதான் பிறந்துட்டார்ல? அப்புறம் ஏன் அழறே?'"