சபை வாசலில் மரச்சாமி

“போதகரய்யா, நம்ம சபை வாசல்ல ஒரு சாமி முளைச்சிருக்கு. பாத்தீங்களா?”

மூப்பர் பீ-ஹா செருப்பைக் கூடக் கழற்றாமல் கேட்டாள்.

“பாத்தேன்மா” என்றார் போதகர் சுவா. தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்கவில்லை.

பார்க்காமல் இருக்க முடியுமா? வாசலில் நிற்கும் கிழட்டுக் கற்பூர மரத்தின் இடுப்பில் காலையிலிருந்து சிவப்புத் துணி. அடியில் ஊதுபத்தி, ஆரஞ்சுப் பழம். துணி கட்டிவிட்டால் அது மரம் இல்லை, மரச்சாமி. அப்புறம் தைவானில் எந்த ரம்பக்காரனும் கிட்டே வரமாட்டான்.

சாலையை அகலமாக்க அதை இன்றைக்கு வெட்டுவதாக இருந்தது. போதகர் மனு மேல் மனு போட்டார். “தோட்டத்தைக் காக்கத்தான் கடவுள் மனுஷனை வெச்சாரு” என்று நகராட்சி வாசலில் தொண்டை வற்றக் கத்தினார். எவனும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் ஒரு துண்டுத் துணி ரம்பத்தை நிறுத்திவிட்டது.

“ஆளை விட்டு அவிழ்க்கச் சொல்லுங்க.”

“மாட்டேன்.”

“வாசல்ல விக்கிரகத்தை வெச்சுக்கிட்டு, உள்ள பத்துக் கட்டளை படிக்கணுமா?”

“துணியை அவிழ்த்தா மரம் போயிடும்மா.”

“போகட்டும். எனக்கும் அந்த மரம்னா உசுருதான். என் கல்யாணப் பந்தி அதுக்குக் கீழதான் நடந்துச்சு. அதுக்காகக் கர்த்தரை விட்டுக்குடுக்க முடியுமா?”

“நான் அவிழ்க்க மாட்டேன். பிடிக்கலைன்னா வேற போதகரைத் தேடிக்கோங்க.”

இப்படிக் கோழையாகிப் போனாரே என்று பீ-ஹாவுக்கு வயிறு எரிந்தது. நாலு பேர் கும்பிட்டதும் இவரும் பயந்துவிட்டார் போல.

“நானே அவிழ்க்கிறேன்” என்று விடுவிடுவென்று வெளியே வந்தாள்.

மரத்தடியில் மேஸ்திரி ஆ-பியாவ் வெற்றிலைப் பாக்கை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தான். ரம்பம் பக்கத்தில் கிடந்தது.

“ஏன்டா, வேலை இல்லையா?”

“மரத்தை வெட்டத்தான்க்கா வந்தேன். சாமியை வெட்டவா வந்தேன்? எனக்கும் புள்ளகுட்டி இருக்கு. நகராட்சி ஆளு வந்தாரு, அவரும் கும்பிட்டுட்டுப் போயிட்டாரு. ரோட்டை வளைச்சுப் போடச் சொல்லிடுவாங்க.”

“நான் இதை அவிழ்த்துட்டா?”

அவன் சிரித்தான். “உங்களுக்குத்தான் எங்க சாமி கிடையாதே. நீங்க அவிழ்த்தா பாவம் உங்க தலையில. நான் அடுத்த நிமிஷமே ரம்பத்தை எடுத்துடுவேன்.”

“எடுத்து வெச்சுக்கோ.”

துணி மரத்தின் முன்பக்கத்துக்குத்தான் எட்டியது. பின்பக்கம் முழுக்கக் கயிறு. பீ-ஹா முடிச்சில் கை வைத்தாள். ஒரே இழுப்பில் நெகிழ்ந்தது. துணியின் ஓரம் மடங்கித் திரும்பியது.

உள்பக்கத்தில் தங்க நூலில் ஒரு சிலுவை.

அவள் கையாலேயே போட்ட பூவேலை. பெந்தெகொஸ்தே ஞாயிறன்று மட்டும் பிரசங்க மேடையில் விரிக்கிற துணி. மற்ற நாளெல்லாம் அது அலமாரிக்குள் கிடக்கும். அதன் சாவி போதகரிடம் மட்டும்தான் இருக்கிறது.

பீ-ஹா ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். போதகர் அங்கே நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைத் தாழ்த்தவில்லை, மனுஷன்.

“என்னக்கா, ஆரம்பிக்கவா?” ஆ-பியாவ் ரம்பத்தோடு எழுந்தான்.

பீ-ஹா சிலுவையை மரத்தோடு ஒட்டி மறைத்தாள். கயிற்றைப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து, ஒன்றுக்கு இரண்டு முடிச்சாகப் போட்டாள்.

“எதைடா ஆரம்பிக்கப் போறே? சாமிக்குத் துணி தளர்ந்து கிடக்குது, நீ பாட்டுக்கு உக்காந்து பாக்கு மெல்லுறே. ஊதுபத்தி அணைஞ்சிருச்சு பாரு, பத்த வை.”