ஆடு போன பிறகு கயிறு

சடையனின் கொட்டகையில் மருந்தடிக்கும் டேங்க் ஒன்று ஆணியில் தொங்கியது. அதன் கீழே, முளைக்குச்சியில் ஒரு வெள்ளாட்டைக் கட்டியிருந்தார்.

"உனக்கு இனி வேலை இல்லையாம்," என்றது ஆடு. "மரபணு மாத்தின பருத்தி விதை வாங்கப் போறாரு. அதுல புழு விழாதாம்."

இனி நிம்மதியாகத் துருப்பிடிக்கலாம் என்று நினைத்தது டேங்க்.

மறுநாள், விதை வாங்குவதற்காக ஆட்டை விற்றார் சடையன். ஆட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். வாங்கியவர் தன் கயிற்றில் ஆட்டைப் பிடித்துப் போனார். பழைய கயிறு முளையிலேயே கிடந்தது.

"நான் இருந்தா இன்னொரு ஆடு வரும்," என்றது கயிறு.

அந்த வருஷம் புழு விழவில்லை. ஆனால் அந்தப் பருத்தியிலிருந்து விதை எடுத்து வைத்து மறுபடி விதைக்க முடியாது. அடுத்த வருஷமும் விதைப் பாக்கெட் வாங்கினார். ஆடு வரவில்லை. கொட்டகையில் பேச்சுக் குறைந்தது.

அதற்கடுத்த வருஷம், அந்த விதைக்கு அடங்காத வெள்ளை ஈ வந்தது. சடையன் டேங்கை இறக்கினார். அதன் தோள்வார் இற்றுப்போயிருந்தது. முளையிலிருந்து கயிற்றை அவிழ்த்து, டேங்கை முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

பருத்திக் காட்டில் தனியாக நடந்தார்.

"கடைசியில உனக்கும் ஒரு ஆள் கிடைச்சாச்சு," என்றது டேங்க்.

கயிறு சடையனின் தோளில் அழுந்தியது; அவர் அதைத் தளர்த்தவில்லை.

"ஆடாவது அப்பப்ப இழுத்துப் பாக்கும்," என்றது கயிறு.