ஏழரை நிமிடம்

சிவப்பு அட்டையை நாற்காலியில் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார் ஸ்டோர் குமாஸ்தா. ஆபீசில் அவருக்கு ஆமாம்சாமி என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி.

ஆபீஸ் பேச்சாளர் மன்றத்தில் அவர்தான் நேரம் பார்ப்பவர். ஐந்தாவது நிமிடம் பச்சை, ஆறாவது மஞ்சள், ஏழாவது சிவப்பு. இதற்குப் பெரிய மூளை தேவையில்லை, அதனால்தான் அவரிடம் கொடுத்திருந்தார்கள்.

பேசி முடித்து வந்த ரிசப்ஷனிஸ்ட் பெண் அதைப் பார்த்துவிட்டாள். மூன்று மாதமாக பஸ்ஸிலும் படிக்கட்டிலும் முணுமுணுத்துப் பழகிய பேச்சு அவளுடையது. ஏழாவது நிமிடம் சிவப்பைப் பார்த்ததும் கடைசி வரியை அவசரமாக முடித்துவிட்டு இறங்கியிருந்தாள்.

"எனக்கு மட்டும் டாண்ணு காட்டினீங்களே அண்ணா?"

"ஆமாம்மா."

"மேனேஜருக்கு உக்காந்து அடைகாக்கறீங்களாக்கும்?"

"ஆமாம்மா."

"இதெல்லாம் ஒரு பொழப்பு!"

அன்று மன்றத்தின் வருடாந்தரப் பேச்சுப் போட்டி; ஜெயிப்பவர் தலைமை அலுவலகப் போட்டிக்குப் போகலாம். மேனேஜரே போட்டியில் இருக்கிறார் என்றதும் மற்ற மூன்று பேரும் காலையிலேயே பெயரை வாபஸ் வாங்கிவிட்டார்கள். முதுகெலும்பு என்ற ஒன்று அந்த ஆபீசில் நாற்காலிகளுக்கு மட்டும்தான் இருந்தது.

மத்தியானம் கேன்டீன் வாசலில் மேனேஜர் ஆமாம்சாமியைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

"அந்தச் செவப்பு அட்டை என் கண்ணுல படக் கூடாதுய்யா. போன வருஷம் அதைப் பாத்துதான் எனக்குப் பேச்சே நின்னு போச்சு. மிச்சம் உனக்கே தெரியும்."

"ஆமா சார்."

"நானும் ஒரு தடவை பேசறேன்னு வருஷா வருஷம் வந்து நிக்கறியே, ஆமா சாரைத் தவிர வேற என்னய்யா தெரியும் உனக்கு? நேரத்தைப் பாரு, போதும்."

"ஆமா சார்."

வேறு மன்றத்திலிருந்து நடுவராக வந்திருந்த வங்கி அதிகாரி அம்மாள், அடுத்த பேச்சுக்கு முன் விதியை மறுபடி சொன்னார். "அட்டை சும்மா ஞாபகப்படுத்தத்தான். அதைப் பாத்தாலும் பாக்காட்டியும், ஏழரை நிமிஷத்தைத் தாண்டினா போட்டியில இல்ல."

ஏழரை என்றதும் பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

மேனேஜர் எழுந்தார். 'பிறர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேளுங்கள்' என்பது தலைப்பு. நடுவர் விதி சொன்னபோதுகூட அவர் டையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

பச்சை வந்தது. மஞ்சள் வந்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை.

மேனேஜர் முகம் மலர்ந்துவிட்டது. தான் ஸ்கூலில் வாங்கிய முதல் கோப்பையில் ஆரம்பித்து, சொந்த மாமனாரே தன்னிடம் ஆலோசனை கேட்டது வரை அவிழ்த்துவிட்டார். முன் வரிசை ஜால்ராக்கள் அரை நிமிடத்துக்கு ஒருமுறை கைதட்டின.

ஆமாம்சாமி மட்டும் தலை நிமிரவில்லை. ஸ்டாப்வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தவர், கடைசி நன்றியோடு அதை அமுக்கிப் பேனாவால் எழுதினார்.

"நேரத்தைப் படிங்க," என்றார் நடுவர்.

ஆமாம்சாமி எழுந்தார். "ரிசப்ஷன் மேடம், ஏழு நிமிஷம் மூணு வினாடி." தாளில் விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினார். "மேனேஜர் சார், ஒன்பது நிமிஷம் இருபது வினாடி."

நடுவர் ஒரு பெயரை அடித்தார். ரிசப்ஷனிஸ்ட் பெண்ணின் கை தானாக வாய்க்குப் போனது.

"யோவ்!" மேனேஜர் மேடையிலிருந்தே கத்தினார். "செவப்பு அட்டையை நீ காட்டவே இல்லையேய்யா!"

ஆமாம்சாமி நாற்காலியிலிருந்து அட்டையை எடுத்தார். சுருக்கத்தை நீவிவிட்டு, எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தார். பிறகு அந்த மன்றத்தில் தன் முதல் பேச்சைப் பேசினார்.

"உங்க கண்ணுல படக் கூடாதுன்னு சொன்னீங்களே, பட்டுச்சா சார்?"