பதினெட்டாம் சீட்டு

அவள் அதுவரை ஒரு வரி புரோகிராம்கூட எழுதியதில்லை. "நீச்சல் கத்துக்கிட்டுத்தான் தண்ணியில இறங்குவாங்களா?" என்று சொல்லி, பள்ளியின் உயர்நிலைக் கம்ப்யூட்டர் வகுப்பில் அப்பா தள்ளிவிட்டார். மூன்று வாரமாகப் பதினெட்டாம் சீட்டில் மூழ்கிக்கொண்டிருந்தாள்.

எரிச்சலெல்லாம் பக்கத்துச் சீட்டுக் கண்ணாடிக்காரன்மேல்தான். சார் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் போதும், பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிடுவான். சாரும் அடுத்த பாடத்துக்குத் தாவிவிடுவார். பாவி!

இன்று அவள் திரையில் பதினேழு பிழைகள். பையைத் தூக்கிக்கொண்டு நேரே ஆபீசுக்குப் போனாள்.

"அண்ணே, கம்ப்யூட்டர் வகுப்பை விட்டு விலகணும். ஃபாரம் குடுங்க."

"நீயுமா?" கிளார்க் அலுத்துக்கொண்டார். "இப்பதான் கண்ணாடி போட்ட பையன் ஒருத்தன் எழுதிக் குடுத்துட்டுப் போறான். என்ன காரணம் எழுதியிருக்கான் பாரு."

வாங்கிப் படித்தாள்.

'எனக்கு எதுவுமே புரியவில்லை. பதினெட்டாம் சீட்டுப் பெண் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறாள். மானம் போகுமே என்று நானும் ஆட்டிவிடுகிறேன்.'

"யாரும்மா அந்தப் புத்திசாலி? நீயா?"

பழக்கதோஷம், அவள் தலை தானாக ஆடியது.