ஐந்தாவது பெயர்

பெர்மாஸ் ஜெயா மண்டபத்தின் ஒப்பனை அறையில், சிறந்த மேடை நடிகை விருதுக்கான பரிந்துரைகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறது கைபேசி நேரலை. கண்ணாடியில் ஒட்டிய தன் கணிப்புப் பட்டியலில் நான்கு பெயர்களை உதட்டுச்சாயத்தால் டிக் அடித்துவிட்டாள் ஒப்பனைக்காரி ஃபெலிசியா. மஞ்சள் விளக்குகளுக்குக் கீழே மிச்சமிருப்பது ஒரே பெயர்: சிகாமட் ஊர்க்காரி ஷாமளா. "அலமாக், முதல் நாடகம் நடிச்ச பொண்ணா? சான்ஸே இல்ல லா, அக்கா," என்று சிரிக்கிறார் இயக்குநர் லோகேஸ்வரன். கைதட்டலை ஃபெலிசியா கணக்கில் எடுப்பதில்லை. நாடகம் முடிந்து நடிகை முகம் துடைத்த துண்டைத்தான் பார்ப்பாள். ஷாமளாவின் நாடகம் முடிந்த அன்று அவள் துண்டில் கண்மை ஒட்டவே இல்லை. அத்தனையும் மேடையிலேயே அழுததில் கரைந்திருந்தது. "ஷாமளா!" என்கிறது கைபேசி. அறையே அலறுகிறது. ஃபெலிசியா உதட்டுச்சாயத்தை லோகேஸ்வரனிடம் நீட்டுகிறாள். "இந்த டிக்க நீங்களே அடிங்க, தம்பி."