அபிசாயின் சட்டி இன்ஜின்

"தண்ணியில படகு ஓட்டறேன்னு நீ சொன்னப்போ, படகு தண்ணியில ஓடாம கொய்யா மரத்துலயா ஓடும்னு ஊரே சிரிச்சுது. நானும் சிரிச்சேன்டா. மாமாவை மன்னிச்சிடு" என்றார் சிரேலி. அபிசாய்க்குத் தாய்மாமன். தீவின் ஊர்த்தலைவரும் அவர்தான்.

மன்னித்துவிட்டதாகத் தலையாட்டினான் அபிசாய். கழுத்தில் வியர்வை வழிந்தது.

படகு தீவை இரண்டாவது சுற்று வந்துகொண்டிருந்தது. நடுவில், பெட்ரோலுக்குப் பதில் தண்ணீரிலேயே இன்ஜினை ஓட்டும் அவனுடைய கண்டுபிடிப்பு. மனைவியின் மூன்று அலுமினியச் சட்டிகளை வெட்டிச் செய்த பெட்டி, அதன் தலையில் ஒரு ஜாடி மழைத்தண்ணீர், சுற்றிலும் ஏழெட்டு ரப்பர் குழாய்கள். இரண்டு வருடத்தில் அந்தப் பெட்டி சாதித்தது ஒன்றே ஒன்றுதான்: வீட்டில் சமைக்கச் சட்டி இல்லை.

"மச்சான், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றான் சிரேலியின் மகன் ஜோப்பே, மூன்றாவது தடவையாக.

"கரைக்குப் போயி சொல்லுடா" என்றான் அபிசாய்.

"நேத்து சர்ச் புல்லை மெஷின் வச்சு வெட்டினான்ல, அந்தப் பெருமையா இருக்கும்" என்ற சிரேலி, சட்டென்று எழுந்து நின்றார். "அதோ கப்பல்! பெட்ரோல் பீப்பா ஒண்ணுகூட இறக்க வேணாம், எல்லாம் அரிசியா இறக்குங்கன்னு சொல்லிடறேன். நம்ம விஞ்ஞானி இருக்கறப்போ பெட்ரோல் எதுக்கு?"

அபிசாய் கணக்குப் போட்டான். அடுத்த கப்பல் இரண்டு மாதம் கழித்துத்தான். பக்கத்து வீட்டு லிட்டியாவுக்கு இது நிறைமாதம். வலி எடுத்தால் பெரிய தீவு ஆஸ்பத்திரிக்கு அவளை எதில் கொண்டுபோவது? இந்தச் சட்டியிலா?

இன்ஜினை நிறுத்தினான்.

"மாமா, நான் விஞ்ஞானி இல்ல. புளுகன்."

"என்னடா உளர்றே?"

"இந்த ஜாடித் தண்ணி சும்மா வேடிக்கைக்கு. என் சீட்டுக்கு அடியில ஒரு கேன் இருக்கு. அதுலேர்ந்து ஒரு குழாய் பெட்டிக்குப் பின்பக்கமா நுழைஞ்சு, இந்தப் பக்கமா இன்ஜினுக்குப் போவுது. இவ்வளவு நேரமும் ஓடினது பெட்ரோல்ல."

"மச்சான், அது வந்து..." என்று ஆரம்பித்தான் ஜோப்பே.

"நீ வாயை மூடு!"

மாமா திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அவரோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இனிமே உன் பேரு சட்டி இன்ஜினியர்டா!"

அந்தப் பெயர் தன் பேரன் காலம்வரை நிலைக்கும் என்பது அபிசாய்க்குத் தெரியும். குழாய்களைப் பிடுங்கிச் சுருட்டினான். பெட்டியோடு சேர்த்துத் தூக்கிக் கடலில் எறிந்தான். பவளத்திட்டுக்கு வெளியே, அடியே தெரியாத நீலம். இரண்டு குமிழி விட்டது, அவ்வளவுதான்.

"இந்தாங்க, மோந்து பாருங்க" என்று கேனை நீட்டினான்.

சிரேலி மோந்தார். விரலை விட்டு நக்கினார். இன்னொரு தடவை நக்கினார்.

"இது தண்ணிடா."

"அதைத்தான் காலையிலேர்ந்து சொல்ல வரேன்" என்றான் ஜோப்பே. "ஊர்ல பெட்ரோல் தீர்ந்துபோச்சு, அப்பா புல்லு வெட்டுன்னு உயிரை எடுத்தாரு. மச்சான் பொருள்தானேன்னு கேன்ல இருந்ததை நேத்தே எடுத்துட்டேன். லேசா இருந்தா நீ கண்டுபிடிச்சிடுவியேன்னு மழைத்தண்ணிய ரொப்பி வச்சேன்."

தண்ணீரிலேயே தீவைச் சுற்றி வந்த இன்ஜினை மூவரும் பார்த்தார்கள். பிறகு கடலைப் பார்த்தார்கள்.

"போனா போவுது மருமகனே" என்று அபிசாயின் தோளைத் தட்டினார் சிரேலி. "அதே மாதிரி இன்னொண்ணு செஞ்சிடுவேல்ல?"

அபிசாய் கண்ணை மூடி யோசித்தான். எந்தக் குழாயை எந்த ஓட்டையில் சொருகினோம்? பார்க்க அழகாக இருக்கட்டும் என்று, காலையில் கைக்கு வந்தபடி சொருகியிருந்தான்.