காற்றுமானியை எங்கே வைப்பது?

அநியாயம் நடந்தது கூண்டு மைனாவுக்கு. குரல் போனதும் அவளுக்கு, பழி விழுந்ததும் அவள்மேல். "பேசாத மைனா எதற்கு? யாருக்காவது கொடுத்துவிடலாம்" என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

"எல்லாம் அவருடைய சிகரெட் புகையால்தான்" என்றாள் மைனா, கரகரத்தபடி.

மேசைமேலிருந்த சாம்பல் கிண்ணம் சிரித்தது. "அடி போடி! பிடிக்கிறவரே கல்லு மாதிரி இருக்கிறார். அதுவும் பஞ்சு வைத்த சிகரெட். உனக்கென்ன வந்தது? வேண்டுமானால் காற்றுமானியைக் கேள்."

காற்றிலுள்ள நச்சை அளந்து எண்ணாகக் காட்டும் அந்தக் காற்றுமானியைக் கொண்டுவந்தவள் கல்லூரியில் படிக்கும் மகள். ஜன்னலோரம் வைத்தவர் வீட்டுக்காரர்.

"இங்கே காற்று சுத்தம்" என்றது காற்றுமானி.

"கேட்டாயா?" என்றது கிண்ணம்.

"நான் என்ன ஜன்னலிலா உட்கார்ந்து மூச்சு விடுகிறேன்? என் பக்கத்தில் வந்து சொல்லச் சொல்!"

மறுநாள் மகள் அதைக் கூண்டின்மேல் மாட்டினாள். வீட்டுக்காரர் சிகரெட்டைப் பற்றவைத்தார், இரண்டு இழுப்பு இழுத்தார், கிண்ணத்தின் விளிம்பில் சாய்த்துவிட்டுப் போன் பேச வெளியே போனார். சிகரெட் தன்பாட்டுக்குப் புகைந்தது. பென்சீன், நிக்கோட்டின் என்று காற்றுமானியில் எல்லா எண்களும் ஏறின.

கிண்ணம் பதறியது. "இது பழுதான மானி! பிடிக்கிறவரே இங்கே இல்லை, அப்புறம் எப்படி ஏறும்?"

காற்றுமானி சொன்னது: "அவர் இழுக்கிற புகைக்குப் பஞ்சு இருக்கிறது. உன் மடியிலிருந்து எழுகிற புகைக்கு இவள் நெஞ்சுதான் பஞ்சு."